இடது கைப்பக்கம்

கராகோல், மே 20

அன்புள்ள ஜூரக்கான் அக்காவுக்கு,

தங்கை புருல்சா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அங்கே ஆடு, குதிரை, நீ, எல்லாரும் சுகமா? மலையில் பனி விலகிவிட்டதா? குட்டிகளுக்குப் புல் போதுகிறதா? உன் முட்டி வலி எப்படி? உன் போனுக்கு அந்த மலை எட்டாது என்பதால் நான் பேனா பிடிக்க வேண்டியதாகிவிட்டது. என்னை வகுப்பைவிட்டு விரட்டிய வாத்தியார் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார். பால் லாரி ஆஷிம் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவன் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், நாலு எழுத்து கற்றுக்கொள்வான்.

உன் வீட்டுக்காரர் நேற்று எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த உயிர் இருக்கும் ஆளை எழுப்பி, உட்காரவைத்து, நடக்கவைத்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் செய்தி வாசிப்பவர் மாதிரி தெளிவாக வருகிறது.

"இந்த ஆஸ்பத்திரியில வேற நர்ஸே கிடைக்கலையா? இவதானா எனக்கு?"

"அத்தான், உங்க கல்யாணத்துல என் காதைப் பிடிச்சுத் திருகினீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப நீங்க படுத்திருக்கீங்க, நான் நிக்கிறேன். காதைப் பத்திரமா வச்சுக்குங்க."

பக்கத்துக் கட்டிலில் எசென்பெக் என்று ஒரு மினிபஸ் டிரைவர், இடுப்பெலும்பு உடைந்தவர். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அதற்கும் என்னைத்தான் திட்டினார் அத்தான்.

சாப்பாட்டில் ஒரு வேடிக்கை. தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "கஞ்சப்பயலுக, இவ்வளவுதானா போடுவாங்க?" என்கிறார். மீதிப் பாதி தட்டில் அப்படியே இருக்கிறது. தட்டைத் திருப்பி வைத்தால், புதிதாக யாரோ கொண்டுவந்த மாதிரி அதையும் முடிக்கிறார். நல்ல பசிதான், கவலைப்படாதே.

உன்னைக் கேட்பார் என்று பார்த்தேன். குதிரையைக் கேட்டார், நாயைக் கேட்டார். வெட்கமாக இருக்கும். லாரி இறங்கும்போது ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
புருல்சா

மேல் மேய்ச்சல், ஜூன் 2

தங்கை புருல்சாவுக்கு,

ஆடுகள் சுகம். குதிரைகள் சுகம். நானும் இருக்கிறேன். உன் வீட்டுக்காரருடைய இருமல் நின்றதா? கருப்பு வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது. ஒன்று நொண்டி, ஆனாலும் பிழைத்துக்கொண்டது. மழை நல்ல மழை.

ஆஷிமிடம் காயவைத்த தயிர் குருத் உருண்டை ஒரு பை, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொடுத்திருக்கிறேன். அங்கே தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு.

என்னால் வர முடியாது. மந்தையை விட்டுவிட்டு யாரிடம் சொல்லி வருவது?

எல்லாரும் நலமாக இருங்கள்.

ஜூரக்கான்

கராகோல், ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தந்தி கிடைத்தது. கடிதம் என்று நீ சொன்னால் சரி, கடிதம். நாங்கள் சுகம். இருமல் போய்விட்டது, குறட்டை வந்திருக்கிறது. உன் முட்டி பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. நொண்டிக் குட்டியின் காலைப் பற்றி எழுதத் தெரிகிறது, "தேவைப்படுகிறவர்" காலைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லையா? காலுறையைப் போட்டுவிட்டேன். போடும்போதே கண்டுபிடித்துவிட்டார். "இது எங்க வீட்டுக் கம்பளி" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

வார்டு கதையைக் கேள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி துர்சுன் கோச்கோரிலிருந்து வந்தான். தங்கமான பிள்ளை. அதுதான் பிரச்சினையே. அண்ணன் தண்ணீர் என்று சொல்வதற்குள் டம்ளரை வாயில் வைக்கிறான். ஸ்பூனைப் பிடுங்கி ஊட்டுகிறான். எழுந்திருக்க முயன்றவரைக் குழந்தை மாதிரித் தூக்கி நாற்காலியில் வைக்கிறான். அதுவும் அந்த இடது கையைப் பிடித்து இழுத்து! தோள் கழன்றுவிடும் என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார்.

"புருல்சா அக்கா, உங்களுக்கு இரக்கமே இல்லையா? அவர் கஷ்டப்படறாரு, நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கறீங்க."

"தம்பி, நான் கையை முன்னாடி விட்டா அவருக்கு உதவி செஞ்சிரும். அதான் கட்டி வச்சிருக்கேன். எனக்கு இதுக்குத்தான் சம்பளம்."

அவனுக்குப் புரியவில்லை. நிறைய வீட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை. சட்டையில் ஒரு பொத்தான் போட அவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு மட்டும் இனிக்கிறதா என்ன? போட்டுவிட்டால் அரை நிமிட வேலை. ஆனால் அந்தப் பொத்தானை நாளைக்கும் நான்தான் போட வேண்டும், சாகும்வரை யாரோ போட வேண்டும். அன்றைக்கு அவர் அதைப் போட்டு முடித்ததும், வென்ற மல்யுத்தக்காரன் மாதிரி என்னைப் பார்த்தார். "தப்பு ஓட்டையில போட்டிருக்கீங்க, அத்தான்" என்றேன். மீண்டும் கழற்றிப் போட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு.

தானாகவே சவரமும் செய்துகொள்கிறார். ஒரு கன்னம் புது மாப்பிள்ளை, மறு கன்னம் முள்ளம்பன்றி. கண்ணாடியைப் பார்த்து, "முடிஞ்சுது, எப்படி?" என்கிறார். "பாதி ஊருக்குக் காட்டலாம்" என்றேன்.

உன்னிடம் சிவப்புக் கம்பளி நூல் இருக்கும். ஒரு உருண்டை அனுப்பு, நல்ல ரத்தச் சிவப்பாக. அவர் தட்டு ஓரத்தில் கட்ட வேண்டும். எதற்கென்று கேட்காதே, தொழில் ரகசியம்.

மழையில் நனையாதே. நாய்க்கும் என் விசாரிப்பு.

புருல்சா

மேல் மேய்ச்சல், ஜூன் 28

தங்கை புருல்சாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கேட்ட நூல் அனுப்பியிருக்கிறேன். கருப்பும் வெள்ளையும்கூட வைத்திருக்கிறேன், எதற்காவது ஆகும்.

முட்டி வலிக்கிறது. நடந்து மந்தையைத் திருப்ப முடியவில்லை. அதனால் கஷ்காமேல் ஏறினேன். உனக்குத்தான் தெரியுமே, நெற்றியில் வெள்ளைப் பட்டை விழுந்த அந்தக் குதிரை அந்த மனுஷரைத் தவிர யாரையும் ஏற்றியதில்லை. முதல் நாள் என்னை ஓடையில் இறக்கிவிட்டது. இரண்டாம் நாள் நான் அதன் காதில் நாலு வார்த்தை சொன்னேன். இப்போது ஒத்துப்போகிறோம். என் கால் எட்டாததால் அங்கவடியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். மேட்டு ஓரம்வரை தனியாகப் போய் வருகிறேன். ஓநாய் வந்த அன்றைக்கு நானும் கஷ்காவும்தான் துரத்தினோம். இதை அங்கே சொல்ல வேண்டாம். அவர் குதிரை, அவர் சேணம்.

இன்னொன்று. இலையுதிர்காலத்தில் நாங்கள் இறங்கியதும் துர்சுன் தன் அண்ணனைக் கோச்கோருக்கு அழைத்துப் போகட்டும். சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் நன்றாகப் பார்த்துக்கொள்வான். நான் மந்தையோடு நேராகக் குளிர்கால வீட்டுக்குப் போய்விடுவேன்.

உன் உடம்பைக் கவனி.

ஜூரக்கான்

கராகோல், ஜூலை 3

அக்கா,

சுகமா, சுகம், எல்லாம் சுகம். அதை அங்கேயே வை. துர்சுனா? கோச்கோரா? ஓடையில் விழுந்தபோது தலையில் அடிபட்டதா உனக்கு?

துர்சுன் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வான். ஊட்டுவான், துடைப்பான், தூக்குவான், போர்த்துவான். அடுத்த வசந்தத்தில் உன் புருஷன் மெத்தைமேல் வைத்த தலையணை மாதிரி இருப்பார். இத்தனை நாள் நாங்கள் இங்கே சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு குளிர்காலத்தில் கரைந்துவிடும். அப்படி அன்பாலேயே படுத்துப்போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், திரும்ப இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது அவர் சொந்தமாக நிற்கிறார், அக்கா. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எசென்பெக்கைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு நிற்கிறார். டாக்டரம்மா சொல்லிச் சொல்லி இன்னும் கொஞ்சம் காலம் இங்கே இருக்க அனுமதி வாங்கியிருக்கிறார். இனி அவருக்கு வேண்டியது திட்டித் திட்டி வேலை வாங்கும் ஒரு வீடு. அந்தத் திறமை நம் குடும்பத்தில் என்னைவிட உனக்குத்தான் அதிகம்.

நேற்று பயிற்சி அறையில் பெஞ்சின்மேல் ஒரு சேணம் போட்டு உட்காரவைத்தோம். கான் மாதிரி உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் கோவேறு கழுதைகள். அவரும் உன் பேரை எடுப்பதில்லை, நீயும் அவரை விசாரிப்பதில்லை. என்ன நடந்தது உங்களுக்குள்? அடுத்த லாரியில் பதில் வரட்டும்.

புருல்சா

கராகோல், ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று ஆஷிம் சொன்னான். நான் எழுதியதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாயாம், பால் கேனைத் தூக்கிக் கொடுத்தாயாம், "போயிட்டு வா" என்றாயாம். அவ்வளவுதான் பதிலா? கழுதை என்று எழுதியதற்குக் கோபமா? சரி, நான் மட்டும் கழுதை. போதுமா?

ஆஷிம் ஒவ்வொரு தடவை வரும்போதும் அத்தான் ஜன்னல் பக்கம் போய்விடுகிறார். இப்போதெல்லாம் தடியை ஊன்றிக்கொண்டு சொந்தக் காலில் போகிறார் என்பதைக் கவனி. "லாரி வந்துச்சா?" என்பார். வந்தது என்றால் மேற்கொண்டு கேட்கமாட்டார். கேட்காமல் நிற்பார். போன தடவை பொறுக்க முடியாமல், "அக்கா உங்களைக் கேட்டா" என்று சொல்லிவிட்டேன். "பொய் சொல்லத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்.

முந்தாநாள் ஒரு கூத்து. நடை பழகும் பிள்ளைக்குக் காலில் நூல் கட்டி அறுப்போமே, அதை அவருக்குச் செய்தோம். நீ அனுப்பிய கருப்பும் வெள்ளையும் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. இரண்டையும் முறுக்கி இரண்டு கணுக்காலிலும் தளர்வாகக் கட்டினேன். நாற்காலியில் உட்காரவைத்துத்தான், பயப்படாதே. அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்தக் காலை அவர் தானாகத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது என்னடி, என்னைப் பச்சப்பிள்ளை ஆக்கறியா?"

"நடை பழகறவங்க எல்லாம் பச்சப்பிள்ளைதான் அத்தான். அழுதா எண்ணெயில பொரிச்ச போர்சோக் தருவேன்."

ஓடி வந்து முதலில் சேருகிறவர்தானே அறுக்க வேண்டும். வராந்தாவின் மறுகோடியிலிருந்து பந்தயம் வைத்தோம். சக்கர நாற்காலியில் எசென்பெக், நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு இன்னொரு நோயாளி கலினா டீச்சர். மினிபஸ் ஓட்டிய பழக்கத்தில் எசென்பெக் ஹாரன் அடிப்பது போல வாயால் கத்திக்கொண்டு டீச்சரை முந்தினார், வளைவில் தண்ணீர்க் குடத்தில் மோதினார். டீச்சர் நிதானமாக, ஒரு பூனை மாதிரி, ஈரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முதலில் சேர்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கத்தரியை டீச்சரிடம் நீட்டினேன். அத்தான் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேண்டாம். அவ வந்து அறுக்கட்டும்."

"யாரு?" என்றேன், தெரியாதவள் போல.

"எவளோ. மலையில ஒருத்தி இருக்கால்ல, அவ."

கூட்டம் கலைந்த பிறகும் அந்த நூலை அவிழ்க்கவிடவில்லை. கடைசியில் நடை கெட்டுவிடும் என்று மிரட்டி நானே அவிழ்த்து, அறுக்காமல், அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அக்கா, எனக்குப் படிப்பு குறைவுதான், ஆனால் கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. ஒரு மனுஷன் ஜன்னலில் நிற்கிறார். ஒரு மனுஷி மலையில் அவர் குதிரையில் சுற்றுகிறாள். நடுவில் என்னதான் இருக்கிறது? நேராகச் சொல்.

உன்,
புருல்சா

மேல் மேய்ச்சல், ஆகஸ்ட் 6

தங்கை புருல்சாவுக்கு,

சுகம். புல் மஞ்சளாகிறது. நொண்டிக் குட்டி எல்லாவற்றையும் முந்தி ஓடுகிறது.

நீ கேட்டாய், சொல்கிறேன். ஒருதடவைதான் சொல்வேன்.

அவர் விழுந்ததற்கு முந்தின நாள், ஆட்டைப் பறிக்கும் குதிரைப் பந்தயத்துக்கு கஷ்காவை ஓட்டிப் போகக் கூடாது என்று சொன்னேன். வழக்கமான சண்டைதான். மறுநாள் அவர் பக்கவாதம் வந்து விழுந்தார். முதல் ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். காலையில் போய் இருட்டும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற துர்சுனிடம் பேசினார். ஊசி போட வந்தவளிடம் பேசினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பேசினேன், அவர் முகம் மறுபக்கமே இருந்தது. கையைப் பிடித்தேன். யாரோ ஒருவருடைய கையைப் பிடித்த மாதிரி இருந்தது. சூப் கொண்டுபோனேன், பக்கத்தில் வைத்தேன், தொடவில்லை. அதே சூப்பை துர்சுன் எடுத்துக் கொடுத்ததும் குடித்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார், கத்தியிருக்கிறார், கதவை உதைத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் இல்லாதது போல இருந்ததில்லை. செத்துப் பிழைத்த மனுஷன் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றால், நான் வலியப் போய் நிற்க மாட்டேன். மந்தையைக் காப்பாற்றுகிறேன், அது போதும்.

இதற்குமேல் கேட்காதே. வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

ஜூரக்கான்

கராகோல், ஆகஸ்ட் 9

அக்கா, அக்கா, என் அக்கா,

எந்தப் பக்கம் உட்கார்ந்தாய்? பதில் எழுதாதே, எனக்குத் தெரியும். எங்கே உட்காருவாய் நீ? கூடாரத்தில் அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் அவர் இடது கைப்பக்கம், அடுப்பும் பாத்திரமும் இருக்கும் பக்கம்தானே உன் இடம்? கல்யாணமான நாளிலிருந்து அங்கேதானே இருக்கிறாய்? ஆஸ்பத்திரிக்குப் போயும் நாற்காலியை இழுத்து அங்கேயே போட்டிருப்பாய். வேறு பக்கம் உட்கார உனக்குத் தோன்றியே இருக்காது.

அவருக்கு இடது பக்கம் கிடையாது, அக்கா!

எப்படிச் சொல்வேன். கண் நல்ல கண்தான். மூளையில் அடி விழுந்த இடம் அப்படி. இடது பக்கம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதே அந்த மனசுக்குத் தெரியாது. கதவு, ஜன்னல், ஆள், தன் கை, தன் கால், எதுவானாலும் அந்தப் பக்கம் இருந்தால் இல்லைதான். அங்கிருந்து கூப்பிட்டால் வலது பக்கம் இருப்பவர் கூப்பிட்டதாக நினைத்து அவரிடம் பதில் சொல்வார். இடது கையைப் பிடித்தால் உணர்ச்சியே இல்லை. எங்கள் வார்டில் இப்படி எத்தனையோ பேர் வந்து போகிறார்கள், எனக்கு அது காய்ச்சல், தலைவலி மாதிரி. அதனால்தான் பாதித் தட்டு, பாதிச் சவரம் என்று உனக்குப் பக்கம் பக்கமாகக் கேலி எழுதினேன், நோயை மட்டும் எழுதவில்லை. உன் சிவப்பு நூலைத் தட்டின் இடது ஓரத்தில் கட்டியிருக்கிறேன். "சிவப்பு தெரியற வரைக்கும் தேடுங்க, அதுவரைக்கும் சாப்பாடு முடியல" என்று பழக்கியிருக்கிறேன். நான் தினமும் வேண்டுமென்றே இடது பக்கம்தான் நின்று வம்பிழுக்கிறேன்.

"அத்தான், இந்தப் பக்கம் ஒரு அழகி நிக்கறா, திரும்பிப் பாக்க மாட்டீங்களா?"

"அழகியா இருந்தா வலது பக்கம் வந்திருப்பாளே."

ஆனால் திரும்புகிறார்! கழுத்தை இழுத்துக்கொண்டு, மாட்டு வண்டி திரும்புகிற மாதிரி மெதுவாக, திரும்பி என் முகம்வரை வந்துவிடுகிறார்.

நீ எழுதியதைப் படித்ததும் நேராக அவரிடம் போனேன். எதையும் காட்டவில்லை. "அத்தான், முதல் ஆஸ்பத்திரியில உங்களைப் பாக்க யாரெல்லாம் வந்தாங்க?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் வந்தாங்க. அவ மட்டும் வரல."

அக்கா, காலையிலிருந்து இருட்டும்வரை நீ உட்கார்ந்திருந்தாய். அவர் அன்றைக்கு முழுக்க உனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கு வழிகிறது, சிரிப்பும் வருகிறது. எசென்பெக் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதோ? சொல்லிவிட்டேன். அத்தான் வலது கையால் இடது கையைத் தூக்கி மடிமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ பிடித்த கை அது. அப்புறம், "நல்லா கெட்டியா பிடிச்சிருப்பா" என்றார்.

மந்தையை ஆஷிமின் மச்சானிடம் விடலாம் என்று நான் கேட்டுவைத்திருக்கிறேன். வா.

உன் தங்கை,
புருல்சா

மேல் மேய்ச்சல், ஆகஸ்ட் 20

புருல்சாவுக்கு,

ஆடுகள் சுகம். நீ எழுதியதை ஆஷிமை நிற்கவைத்துவிட்டுப் படித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் போய் பெண் குதிரைகளிடம் பால் கறந்தேன். பாதி வெளியே போயிற்று.

மந்தையை யாரிடமும் விடமாட்டேன். புல் முடியப் போகிறது, செப்டம்பர் தொடக்கத்தில் இறங்குகிறோம். ஊர் வழியாகத்தான் பாதை.

துர்சுனுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இறங்குவதற்கு முன்னால் கஷ்காவின் அங்கவடியைப் பழையபடி அவர் அளவுக்கு இறக்கிக் கட்டிவிடுகிறேன். நான் ஏறியதாகவே தெரிய வேண்டாம். சேணத்தையும் துடைத்துவைத்திருக்கிறேன். கேட்டால், குதிரை அவருக்காகச் சும்மா நின்றது என்று சொல்.

வந்து நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? அதை மட்டும் எழுது. தப்பான பக்கம் நின்றுவிடக் கூடாது.

ஜூரக்கான்

கராகோல், ஆகஸ்ட் 30

ஜூரக்கானுக்கு,

நான் சுகம். நீயும் மந்தையும் சுகமாக இறங்கி வர வேண்டும். உன் கேள்விக்குத் தங்கை பதில் எழுதுவதாக இருந்தாள். பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். எழுத்து தள்ளாடும், பொறுத்துக்கொள். தாளின் இடது பாதியைக் காலியாக விட்டுவிடுகிறேன் என்று உன் சிவப்பு நூலை ஓரத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் அந்த நூலைத் தேடிப் போய்த்தான் தொடங்குகிறேன். உன்னிடம் வந்து வந்து போகிற மாதிரி இருக்கிறது.

நீ குதிரை ஏறுவது எனக்கு ஜூலையிலேயே தெரியும். ஆஷிம் ஜன்னலில் சொல்லிவிட்டான். ஓநாயைத் துரத்தியதையும் சொன்னான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான். வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எசென்பெக் நம்பவில்லை. வந்து அவன் முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டு.

அங்கவடியை இறக்காதே. சேணத்தில் நான் கான் மாதிரி உட்கார்ந்தேன் என்று தங்கை எழுதியிருப்பாள். என் இடது கால் அங்கவடியைவிட்டு நழுவித் தொங்கியதும், அடுத்தவன் சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிந்ததும் எழுதியிருக்க மாட்டாள். இடது காலை வைத்துத்தானே குதிரை ஏற வேண்டும். டாக்டரம்மா பக்குவமாக ஏதோ சொல்ல வந்தார், நானே சொல்லி முடித்துவிட்டேன். நடப்பேன். நடக்கிறவனுக்கும் மந்தையில் வேலை இருக்கிறது. கஷ்கா இனி உன்னுடையது. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டிப் போகாதே, நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் வழியாக வா. இடுப்பில் கத்தி இருக்கட்டும், அறுக்க ஒரு நூல் வைத்திருக்கிறேன். அறுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள். நான் கடிவாளத்தைப் பிடித்து நடக்கிறேன். பிடிக்கிறவன் குதிரைக்கு இடது பக்கம் நிற்க வேண்டும், அப்போது குதிரையும் நீயும் என் வலது கைப்பக்கம் இருப்பீர்கள். ஊர்த் தெருவைத் தாண்டும்வரை அது வசதி.

வீட்டுக்குப் போனதும் நீ எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டாம். உன் இடத்திலேயே உட்கார்.

நான் திரும்பிக்கொள்கிறேன்.

ஜுமாதில்